யார் கேட்டாலும்

— அப்ப முடியாதுங்கிற.

— முடியாதுன்னு சொல்லலண்ணே. யோசிக்கணும்ங்கிறேன்.

— ஒரு கிட்னிதானேடா கேட்டேன். உன் காலேஜையே எழுதிக் கொடுன்னு கேட்ட மாதிரி முழிக்கிற. அந்தப் பெட்டி மேல உட்காராத, உள்ள பூரா கண்ணாடி டம்ளர். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கோ.

— உனக்கு ஒருநாள் இப்படி ஆகும்னு எனக்குத் தெரியும். அதாவது, காரணம் இல்லாம எதுவும் வராது. நீ எந்த ராத்திரிண்ணே குடிக்காம படுத்திருக்க?

— சரி, குடிகாரன்னே வச்சுக்கோ. கூடப் பிறந்த குடிகாரன். வாத்தியாரே, நல்ல குணம், மனுஷ சுபாவம்னு அந்தக் காலத்து ஞானிங்க சொன்னதைத்தானே நீ பாடம் நடத்துற? இதுக்கு அவங்க என்னதான் சொல்றாங்க?

— கிண்டல் பண்றியா?

— நெசமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்கிறேன். நான் பாட்டுக்கு டம்ளரைத் தட்டி விரிசல் பார்த்துட்டிருக்கேன், நீ சொல்லு.

— அதாவது, இரக்கம் பிறவியிலேயே உண்டுங்கிறது ஒரு கட்சி. கைப்பிடி இல்லாத மாடிப்படி ஓரத்துல ஒரு குழந்தை தவழ்ந்து போகுதுன்னு வை. பார்க்கிறவன் எவனா இருந்தாலும் நெஞ்சு பதறும்.

— பதறும். பதறிட்டு?

— அதுக்கு மேல பயிற்சி வேணும்.

— நான் உருண்டு கீழ போய்ச் சேர்ற வரைக்கும் நீ பயிற்சி எடுத்துக்கிட்டு இருப்ப. அடுத்த கட்சி?

— மனுஷன் பிறக்கும்போதே சுயநலக்காரன், அடிச்சு நெளிவெடுத்துத்தான் நல்லவனாக்கணும்கிறாங்க.

— இவங்க என்னை மாதிரி பாத்திரக் கடை வச்சிருந்தவங்க போல. அப்புறம்?

— நல்ல குணம்ங்கிறது நடுவுல நிக்கிறதுன்னு ஒண்ணு. ஒண்ணுமே கொடுக்காதவன் கஞ்சன், எல்லாத்தையும் கொடுக்கிறவன் ஊதாரி.

— ரெண்டுல ஒண்ணு கேட்கிறேன். இதுக்கு மேல நடு எங்கடா இருக்கு?

— பார்த்தியா, எதைச் சொன்னாலும் பேரத்துக்கு இழுத்துட்டு வந்துருவ. கொடுக்கிறது தகுதியான ஆளுக்குப் போகணும்ண்ணே. தன் உடம்பையே காப்பாத்திக்காதவனுக்குக் கொடுக்கிறது ஓட்டைப் பாத்திரத்துல ஊத்துறது.

— காய்ச்சல்ல கிடந்த உன்னைத் தோள்ல போட்டுக்கிட்டு மழையில ஓடினேனே, அப்ப தகுதி பார்க்கலையேடா நான்.

— நன்றிக்காகக் கொடுத்தா அது அறம் இல்ல, கொடுக்கல் வாங்கல். பாசத்துக்காகக் கொடுத்தா, அதை மாடும்தான் கன்னுக்குச் செய்யுது. அறிவு சம்மதிச்சுக் கொடுக்கணும்.

— அறிவு என்ன சொல்லுது?

— ஏண்ணே வற்புறுத்துற? என் மகளைக் கேட்டுடாத, அதை மட்டும் சொல்லிட்டேன். படிப்பை விட்டுட்டு உன் கடைக்கு வந்ததுலேர்ந்து என்கூடப் பேச்சு இல்ல, உன் வீட்டுலதான் இருக்கா. இருந்தாலும் சின்னப் பொண்ணு.

— அவளைக் கேட்கல. உடம்பு சரியில்லாம லீவுல இருக்கா. பேச்சை மாத்தாத. கொடுப்பியா, மாட்டியா?

— மாட்டேன்.

— கோபத்துல சொல்றியா?

— இல்ல. நிதானமா, யோசிச்சுத்தான் சொல்றேன்.

— எனக்கு மட்டும் மாட்டியா, இல்ல வேற ஆளா இருந்தா விலை மாறுமா?

— யார் கேட்டாலும் இதான். ஆளுக்கு ஆள் மாறினா அதுக்குப் பேர் அறமாண்ணே?

— நல்லது. வார்த்தை மாற மாட்டியே?

— மாட்டேன். நீ மனசு விட்டுடாத. பெரிய டாக்டரா பாரு.

— எனக்கு எதுக்குடா டாக்டர்? குடியை விட்டு ரெண்டு வருஷமாச்சு. இந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். என்னோடது ரெண்டும் கல்லு மாதிரி இருக்காம்.

— பின்ன யாருக்குக் கேட்ட?

— உன் மகளுக்கு. அவளுக்கு ரெண்டும் போச்சு. ஆஸ்பத்திரியிலதான் கிடக்கா.

— அண்ணே... என்கிட்ட ஏன் சொல்லல? என்னோடதை எடுத்துக்கச் சொல்லு. வா, இப்பவே போகலாம்.

— இது அறிவு சம்மதிச்சதா, பாசமா?

— அவ என் குழந்தைண்ணே.

— உன்னைக் கேட்கலாம்னுதான் நானும் சொன்னேன். வேணாம் பெரியப்பா, அவர் பாடம் நடத்துவார்னுட்டா. உன்னோடதுன்னா உடம்புல ஏத்திக்க மாட்டேன்னு டாக்டர்கிட்டயே சொல்லிட்டா. அப்புறம்தான் என்னைச் சோதிச்சுப் பார்த்தாங்க. பொருந்திருச்சு.

— அப்ப நீ கொடுக்கிறதானே?

— கொடுக்கிறதாத்தான் இருந்தேன். கத்தின்னதும் கொஞ்சம் பயம் வந்துருச்சு. படிச்சவன், உள்ளதைச் சொல்லட்டும்னுதான் எனக்குக் கேட்கிற மாதிரி கேட்டேன். நீ சொன்னது ஒவ்வொண்ணும் நியாயமாப் படுதுடா. போய் அவகிட்ட பெரியப்பா மாட்டேன்னுட்டார்னு சொல்லிடு. ஏன்னு கேட்டா நீயே விளக்கு, உனக்குத்தான் கோர்வையா வரும்.