துண்டு போட்ட இடம்

ராத்திரி பத்தரை மணி… திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குக் கடைசி பஸ். வல்லம் தாண்டிவிட்டால் அந்த ரோட்டில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்? இரண்டு பக்கமும் வயல். ஓர் ஏரிக்கரை. கரைக்குக் கீழே சுடுகாடு… அவ்வளவுதான். கதவை யார் ஒருக்களித்து வைத்தது? முதலில் சாத்துங்கள். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். நடுவில் யாராவது பல்லைக் காட்டினால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

இது என் சிநேகிதி மங்கையின் தம்பிக்கு நடந்தது. மங்கை என்னோடு அரிசி மில்லில் நெல் அவிக்கிறவள். கதை கட்டுகிற சாமர்த்தியமெல்லாம் அவளுக்குக் கிடையாது. பார்த்துவிட்டு வந்த சினிமாவையே ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. இதைச் சொல்லும்போது மட்டும் ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை. அதனால்தான் நம்பினேன்.

தம்பி பெயர் ஆனந்தராஜ். திண்டிவனத்தில் ஒரு டைல்ஸ் கடையில் லோடுமேன். செஞ்சியில் பாதிப் பேர் பிழைப்பு அப்படித்தானே? கோட்டையில் கல்லைப் பார்க்க வெளியூர்க்காரன் இங்கே வருவான். உள்ளூர்க்காரன் விடிந்ததும் பஸ் ஏறிக் கல் தூக்க வெளியூர் போவான். ஒன்பது மணிக்கு பஜாரில் ஷட்டரெல்லாம் இறங்கிவிடும். அதற்குமேல் ஊரில் சத்தம் என்றால் நாய், இல்லாவிட்டால் கடைசி பஸ். எந்த வீட்டு ஆள் இன்னும் வரவில்லை என்பது தெருவுக்கே தெரியும்.

அந்த பஸ்ஸில் சீட் பிடிக்கிற லட்சணம் உங்களுக்குத் தெரியாததா? வண்டி ஸ்டாண்டுக்குள் திரும்பும்போதே கூட ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிட வேண்டும். துண்டு விழுந்த சீட் துண்டுக்காரனுக்கு. வீட்டு மனைக்குப் பட்டா இல்லாதவர்கள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. ஆனால் துண்டு போட்ட சீட்டைப் பறித்துவிட்டு அடி வாங்காமல் ஊர் போய்ச் சேர்ந்தவன் ஒருவனும் இல்லை.

ஆனந்தராஜ் எப்போதும் எட்டு மணி பஸ்ஸுக்கே வந்துவிடுவான். காரணம், வீட்டில் குழந்தை. கல்யாணமாகி ஏழு வருஷம் கோயில் குளமெல்லாம் சுற்றிப் பெற்ற பெண். ஆறு மாசம்கூட ஆகவில்லை. அது தூங்குவதற்குள் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் அவனுக்கு. பார்க்காவிட்டால் சோறு இறங்காது. அன்றைக்கென்று பார்த்து லோடு லாரி தாமதமாக வந்து தொலைத்தது. எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஓடி வந்தால், கடைசி பஸ்தான் நின்றது.

ஏறினான். வண்டி நிறையக் கூட்டம். பத்துப் பேருக்குமேல் நிற்கிறார்கள். ஆனால்… நடுவில், ஜன்னலோரம், ஒரு சீட் காலி. அதன்மேல் ஒரு வெள்ளைத் துண்டு.

யாரோ டீ குடிக்கப் போயிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டான். கண்டக்டர் விசில் கொடுத்தார். வண்டி நகர்ந்தது. துண்டுக்காரன் வரவில்லை. வண்டி கிளம்பிய பிறகு துண்டுக்கு மரியாதை இல்லை, அதுவும் நம் சட்டம்தானே? ஆனாலும் நிற்கிறவர்களில் ஒருவர்கூட உட்காரவில்லை. அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. காலிக் கூடையோடு நின்ற ஒரு பூக்காரம்மா மட்டும் அவனைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"வாணாம்பா."

"ஏம்மா, ஆளு வருதா?"

"வரும்…" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஓடுகிற பஸ்ஸில் எங்கிருந்து ஆள் வரும்? நாள் முழுக்கக் கல் தூக்கிய முதுகு அவனுக்கு விண்விண்ணென்று தெறித்தது. துண்டை எடுத்தான், உட்கார்ந்துவிட்டான். துண்டு ஈரம்… கை இறங்குகிற கனம். பன்னீர் வாடை, ஊதுபத்தி வாடை, அதற்கு அடியில் ஏரிச் சேற்று வாடை. வீசினால் பறக்காமல் விழ வேண்டும் என்று நம் ஆட்கள் துண்டு முனையில் கூழாங்கல் முடிவார்கள் இல்லையா? இதிலும் ஒரு முடிச்சு. அவிழ்த்துப் பார்த்தான். கல் இல்லை… பச்சரிசி. ஒரு கைப்பிடி. ஊறிப்போன பச்சரிசி.

வாய்க்கரிசி. அவனுக்கும் புரியாமல் இல்லை. அப்போதே எழுந்திருக்க வேண்டும், பாவி. எழுந்திருக்கவில்லை. துண்டைச் சுருட்டி ஜன்னலுக்கு வெளியே எறிந்தான்.

வல்லம் போயிற்று. இருட்டு. ஏரிக்கரை வந்தது.

விசில் இல்லை, பெல் இல்லை… பஸ் நின்றது.

யாரும் இறங்கவில்லை. கண்டக்டர் தலையைக் குனிந்துகொண்டு டிக்கெட் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்கதவு க்ரீச்சென்று திறந்தது. சளப்… சளப்… ஈரக்கால் வைத்து நடக்கிற சத்தம். நின்றவர்கள் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் ஒட்டிக்கொண்டு வழி விட்டார்கள். சளப்… சளப்… அவன் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து சத்தம் நின்றது.

அடுத்தவன் சீட்டில் உட்கார்ந்தவன் ஆள் வந்தால் என்ன செய்வான்? தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வான். காலம் காலமாக நாம் செய்கிறதுதான். ஆனந்தராஜும் அதையே செய்தான். சாய்ந்து, வாயைக்கூட லேசாகத் திறந்து வைத்துக்கொண்டான்.

தோள்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்… பனிக்கட்டி மாதிரி.

"சீட்டு போட்டு வெச்சிருந்தேனேப்பா…"

கோபமே இல்லாத குரல். களைத்துப்போய் வேலை விட்டு வருகிறவன் குரல். ஆனந்தராஜ் கண்ணைத் திறக்கவில்லை. கழுத்தில் இன்னொரு சொட்டு.

"நிக்க முடிலப்பா…"

பேசாமல் எழுந்து இடம் விட்டிருக்கலாம். வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். ஆனால் தினமும் பஸ்ஸில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்… தானாகச் சொல்லிவிட்டது.

"வேற எடம் பாத்துக்கய்யா."

பிறகு காதுக்குப் பக்கத்தில், ரொம்ப மரியாதையாக…

"சரிப்பா."

வண்டி நகர்ந்தது. கண்ணைத் திறந்தால் யாரும் இல்லை. தரையில் மட்டும் தண்ணீர் தேங்கி நின்றது. பூக்காரம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"இன்னாத்துக்குப்பா பதில் சொன்ன? தெனமும் வரும், ஒக்காரும், போயிடும். நாங்க நின்னுக்கினே வருவோம். இதுவரிக்கும் யாரும் அத வேற எடம் பாருன்னு சொன்னதில்லியே…"

செஞ்சியில் இறங்கியதும் ஓட்டம் பிடித்தான். பஸ் ஸ்டாண்டில் தினமும் அவன் காலைச் சுற்றி வந்து பன் கேட்கிற நாய் ஒன்று உண்டு. அது அன்றைக்கு அவனைக் கண்டதும் தள்ளுவண்டிக்கு அடியில் போய் முனகியது. தெரு முழுக்கக் கதவுகள் சாத்தியிருந்தன. அவன் செருப்புச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. செருப்புச் சத்தம்… அதற்குப் பின்னால் கொஞ்சம் ஈரச் சத்தம். திரும்பிப் பார்க்காமல் ஓடிக் கதவைத் தட்டினான்.

கதவைத் திறந்த அவன் பெண்டாட்டி கவிதா சிரித்தாள்.

"இன்னா மாமா, வெளையாட்றியா? ஜன்னல் வழியா துண்ட போட்டுட்டு எங்க போய் ஒளிஞ்சிக்கின?"

"நானா…? நான் இப்பதான்டி பஸ்ஸ வுட்டு எறங்கறேன்."

அவள் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. மெதுவாக உள்ளே கை காட்டினாள்.

தெருப்பக்க ஜன்னல். ஜன்னலுக்குக் கீழே குழந்தையின் தூளி. தூளிமேல்… அந்த வெள்ளைத் துண்டு. நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பன்னீர் வாடை வீடெல்லாம்.

ஐயோ, அந்தத் தகப்பன் பாய்ந்தான் பாருங்கள், ஒரு பாய்ச்சல். துண்டைப் பிடுங்கித் தரையில் வீசிவிட்டுக் குழந்தையை அள்ளினான். சில்லென்று இருந்தது. மூச்சு இருந்தது. கண் திறந்திருந்தது. அழவில்லை, சத்தமில்லாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவன் பின்னால் கயிறு முறுகுகிற சத்தம்…

காலித் தூளி மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. ஆறு மாசக் குழந்தைக்குக் கட்டிய சேலை, ஒரு முழு ஆள் கனத்துக்குத் தொய்ந்து தரையைத் தொட்டது. கையிலிருந்த குழந்தைக்கு உதடு நீலம் பாரித்துக்கொண்டே வந்தது.

ஆனந்தராஜ் அழுதுகொண்டே கும்பிட்டான். "யோவ்… உன் கால்ல வுழறேன்யா. அது பாப்பா எடம். அத வுட்டுடு. என் எடத்த எடுத்துக்கய்யா!"

தரையில் கிடந்த துண்டை எடுத்து, தான் படுக்கிற பாய்மேல் தானே விரித்தான்.

தூளி லேசாகி மேலே ஏறியது. குழந்தை வீறிட்டு அழுதது. பாயில் ஓர் ஓரத்திலிருந்து ஈரம் பரவியது… தலை, தோள், கால். ஓர் ஆள் நீளத்துக்கு வந்து நின்றது.

அந்தத் துண்டை எரித்தார்கள். பாயைக் கொண்டுபோய் ஏரியில் போட்டார்கள். தாயத்துக் கட்டினார்கள். வீடு மாற்றவில்லையா என்று கேட்கப் போகிறீர்கள், மாற்றினார்கள். புது வீட்டிலும் அவன் படுக்கிற பக்கம் மட்டும் விடியற்காலையில் ஈரமாக இருந்தது. கடைசியில் அவன் வெளியே, ஜன்னலுக்குக் கீழே கட்டில் போட்டுப் படுத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டான். பஸ்ஸிலும் இப்போதெல்லாம் நின்றுகொண்டுதான் வருகிறானாம்.

குழந்தைக்கு ஒன்றும் இல்லை. இப்போது இரண்டு வயசு. ஒரு காய்ச்சல், சளி கிடையாது. கொழுகொழுவென்று இருக்கிறது. ஒன்றே ஒன்றுதான்… ஆனந்தராஜ் தூக்கினால் அழுகிறது. யாரோ வெளி ஆள் தூக்கின மாதிரி விறைத்துக்கொண்டு, வீட்டுக்குள்ளே கை நீட்டி அழுகிறது.

போன மாசம் மங்கை அங்கே ஒரு ராத்திரி தங்கினாள். ஓர் ஓரம் இவள், அடுத்து கவிதா, அப்புறம் குழந்தை, அதற்கு அந்தப் பக்கம் யாரும் படுக்காத இடம். எல்லாரும் தூங்கின பிறகு குழந்தை சிரித்தது. மங்கை இருட்டில் கண்ணைத் திறந்து பார்த்தாள். அது அந்தக் காலி இடத்துப் பக்கம் புரண்டு, கையால் தட்டி, "நைனா… தள்ளு" என்றது.

விடியும்வரை மங்கை அந்தப் பக்கம் திரும்பவில்லை. காலையில் வெளியே வந்தால், கட்டிலில் ஆனந்தராஜ் உட்கார்ந்திருந்தான். ராத்திரி முழுக்கத் தூங்காத கண்.

"பாப்பா கூப்டது ஒனக்குக் கேட்டுச்சாடா?" என்று கேட்டாள்.

"தெனமும் கேக்குதுக்கா," என்றான். "அது பதிலுக்கு 'ம்'ன்னுதே… அதுவும் கேக்குது."