முட்டையும் வலையும்

கோட்டாற்றில் குளச்சல் பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒரு மீனவரும் அவர் மனைவியும். அவள் மடியில் ஆஸ்பத்திரி ரிப்போர்ட். அதன்மேல் அவித்த முட்டைப் பொதி.

“ஒங்க கிட்னி ஒரு வலை மாதிரியாம். இப்ப ஓட்டை பெருசாயிட்டாம். ரத்த அணு பெருசு, தங்கிருது. புரோட்டீன் சிறுசு, மூத்திரத்துல போயிருதாம்,” என்றாள்.

“வலைக்கண்ணி அகண்டா சாளை நிக்கும், நெத்திலி போவும்,” என்றார் அவர்.

“அதுக்குத்தான் தெனம் நாலு முட்டை தாறேன். போனது போவ மிச்சம் நிக்கட்டும்.”

“டாக்டர்ட்ட கேட்டியா?”

“இல்ல.”

“ஏட்டி, பிஞ்ச வலையில மேல மேல மீன அள்ளிப் போட்டா இன்னும்தானே பிய்யும்?”

அவள் பொதியை மூடினாள்.

“வலைன்னா நான் தைச்சிருவேன். இதுக்குள்ள என் கை எட்டாதே,” என்றாள்.