முஅல்லிம் பெக்கித் கேட்ட தகர டப்பா

மேடையில் அமர்ந்திருக்கும் பாதிரியார் அபூனா தாவத்ரோஸ் அவர்களே, முகத்தம் மலையடியில் பிரித்துக்கொண்டிருந்த குப்பையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, கூடை சுமக்கும் தோழர்களே, எல்லோருக்கும் வணக்கம். துப்புரவுத் துறையின் துணைத் தலைவர் ரஃபீக் பாஷா அவர்களே, உங்களுக்கும் வணக்கம். எங்கள் தொழிலில் மூத்தவர், முஅல்லிம் பெக்கித் ஃபானூஸ் உங்கள் அலுவலகத்துக்கு நான்கு முறை வந்தார். நீங்கள் எங்கள் தெருவுக்கு வர, அவர் செத்து நாற்பது நாள் ஆகவேண்டியிருந்தது.

சற்றுமுன் பாஷா காபிக்குச் சர்க்கரை கேட்டார். துக்க வீட்டுக் காபி கசப்பாகத்தான் இருக்கும் என்பது கெய்ரோவில் பிறந்தவருக்குத் தெரியாதா? இன்று ஒருநாள் கசக்கட்டும், குடியுங்கள்.

நான் ரிஸ்கல்லா. முஅல்லிமோடு முப்பத்தொரு வருடம் நகருக்குள் ஒரே தெருவில் படியேறிக் குப்பை எடுத்தவன். இடப்பக்கக் கட்டடங்கள் அவருடையவை, வலப்பக்கம் என்னுடையவை. அந்த வருடங்களின் நடுவில் அரசாங்கம் எங்களை நிறுத்திவிட்டு ஒரு வெளிநாட்டுக் கம்பெனியைக் கொண்டுவந்து தெருமுனையில் இரும்புத் தொட்டி வைத்தது. குப்பையைக் கீழே இறங்கிவந்து போட யாருக்கு மனம் வந்தது? இரண்டே வாரத்தில் தொட்டியே காணாமல் போனது. படிகளில் நாறிக் கிடந்ததை யார் எடுத்தார்? யாரும் கூப்பிடாமலே பெக்கித் எடுத்தார். மேல்மாடியான ஆறாம் மாடியிலிருந்து பாஷாவின் தாயார் எட்டிப் பார்த்தார்.

"வந்துட்டியாப்பா பெக்கித்? ரெண்டு வாரமா மூக்கைப் பொத்திக்கிட்டு இருக்கோம்."

"உங்க குப்பையப் பாக்காம எனக்குச் சோறு எறங்கலம்மா, அதான் வந்துட்டேன்."

அப்படிப்பட்ட மனிதர் அவர்.

குப்பை எல்லாவற்றையும் சொல்லிவிடும், குப்பைக்காரன் சொல்லமாட்டான். எங்களிடம் இதைவிடப் பெரிய சட்டம் கிடையாது. யார் வீட்டில் மது, யார் வீட்டில் பட்டினி, யாருக்கு என்ன நோய் என்று பெக்கித்துக்குத் தெரியாததா? முப்பத்தொரு வருடத்தில் ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததுண்டா?

நாங்கள் மேல்மாடியில் தொடங்கி இறங்கிக்கொண்டே வருவோம். ஒரு கட்டடத்துக்கு ஒரு கூடை. எங்கள் வீட்டில் பிரிப்பதற்கு அதைக் கவிழ்த்தால் முதலில் கைக்கு வருவது மேல்மாடிக் குப்பை. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பு தொடங்கிய வாரம், முஅல்லிம் ஒரு கூடையைக் கவிழ்த்து, முதல் கை அள்ளினார். விரலில் ஊசி இறங்கியது.

இந்தப் பந்தலில் ஊசி குத்தாத கை இருந்தால் தூக்குங்கள் பார்ப்போம். பாஷா, கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். ஒரு கையாவது தெரிகிறதா?

வாசலுக்கு வாசல் மூடிபோட்ட ஒரு தகர டப்பா. ஊசியும் உடைந்த கண்ணாடியும் அதில் விழவேண்டும். அதற்கு உங்கள் துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை. அவர் கேட்டது இவ்வளவுதான். கட்டுப்போட்ட விரலோடு நான்காம் முறை வந்தபோது நானும் கூட இருந்தேன்.

"என்னய்யா இது, மேஜை மேல டப்பாவ வைக்கிற?"

"ஊசிய இதுல போடச் சொல்லுங்க பாஷா. ஒங்க ஒரு கையெழுத்து போதும்."

"பிரிக்கிறது ஒங்க வேலை. ஜனங்களுக்கு நீ பாடம் எடுக்கப்போறியா?"

"பாடம் இல்ல பாஷா, கெஞ்சுறேன்."

"மொதல்ல அதை எடு. நாறுது."

அந்த டப்பா நாறவில்லை. அவர் மனைவி தஹானி சோப்பு போட்டு மூன்று முறை கழுவிய பீன்ஸ் டப்பா அது. அதற்குள் அந்த ஊசி இருந்தது. வெளியே வந்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"ஏண்ணே தொறந்து காட்டல?"

"அறையில நாலு பேரு இருந்தாங்கடா. அது வீட்டு விஷயம்."

இரண்டே மாதத்தில் அவர் கண் மஞ்சளானது. ஊசி வழியாக வந்த நோயில் கல்லீரல் போய்விட்டது என்றார் மருத்துவர். உங்கள் துறை இன்று ஒரு மலர்வளையம் அனுப்பியிருக்கிறது. பூ வாடியதும் அதையும் நாங்கள்தான் பிரிக்கவேண்டும், கம்பி தனி, இலை தனி.

தோழர்களே, அழுதது போதும். பெக்கித்தின் இடப்பக்கக் கட்டடங்களிலும் இனி நானே ஏறுவேன். நாளைக் காலை நாங்கள் ஏறும் தெருவின் எல்லா வாசல்களிலும் டப்பா தொங்கும். ஊசி குப்பைப் பையில் கிடந்தால் பை அந்த வாசலிலேயே கிடக்கும். இதற்கு யார் கையெழுத்தும் எங்களுக்கு வேண்டாம். இது முஅல்லிமின் பெயரால் நாம் எல்லோரும் கொடுக்கும் வாக்கு.

முதல் டப்பா பெக்கித்தின் டப்பாதான். தஹானி, எழுந்து வா தாயே, உன் கையாலேயே பாஷாவிடம் கொடு.

வாங்கிக்கொள்ளுங்கள் ஐயா. காலி டப்பா இல்லை. எந்த வாசலில் இருந்து வந்தது என்று நான் சொல்லமாட்டேன். இங்கே திறக்கவும் வேண்டாம். நாலு பேர் இருக்கிறார்கள்.