பாய் சுருட்டும் நேரம்

பேச்சே இல்லாத காட்சிகளை விளக்குவதுதான் கடினம், மேடம். வசனம் இருந்தால் தமிழில் சொல்லிவிடலாம். வெறும் ஆட்டமும் வாத்தியமும் என்றால், பக்கத்தில் நிற்பவன் சொல்வதுதான் கதை.

என் பெயர் வேதகிரி. முப்பது வருடம் ஆங்கில வாத்தியார். ஓய்வு பெற்றபின் உத்திரமேரூருக்குப் பக்கத்தில், என் வீட்டுக் கூடத்தையே படிப்பகமாக்கினேன். ஞாயிறு பிற்பகல்களில் சுவரில் வெளிநாட்டுப் படம் போட்டு, அருகில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன். பத்துப் பேர் வருவார்கள். முடிந்ததும் எல்லோரும் எழுந்து போக, ஷீபா மட்டும் இருந்து பாய்களைச் சுருட்டி வைப்பாள். அந்தக் கால் மணி நேரம் இருவரும் எதுவும் பேச மாட்டோம். மற்ற ஆறு நாட்களை அதை நினைத்துத்தான் கடத்தினேன். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவள் விரலைக்கூட நான் தொட்டதில்லை.

அவள் கணவன் பெஞ்சமின் என் மாணவன். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தில் பிறந்து ஓவியனானவன். பாரிசில் ஒரு கலைக்கூடம் ஒரு வருடத்துக்கு அழைத்தது. படிவங்களை நான்தான் நிரப்பினேன். ஒரு வருடம் மூன்றானது.

ஒருநாள் அவன் ஷீபாவிடம் போனில் ஒரு பழைய பாட்டுப் படத்தைப் பற்றிச் சொன்னான். அவனைப் போலவே அந்நிய ஊரில், மாடி அறையில் இருந்துகொண்டு படம் வரையும் ஒருவனின் கதை. "சார போடச் சொல்லிப் பாரு. கடைசியில வர்றதுதான் நான் உனக்குச் சொல்ல நெனைக்கிறது. அப்பறமா பேசலாம்" என்றானாம்.

முதலில் நான் தனியாகப் பார்த்தேன். அந்த ஓவியனுக்கு ஊரில் மனைவி இருக்கிறாள். ஒரு பணக்காரச் சீமாட்டி, அவன் அங்கேயே தங்கித் தனக்காக வரைய வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதித் தருகிறாள். கடைசிப் பதினைந்து நிமிடம் யாரும் பேசுவதில்லை. நகரம் முழுக்க ஆடிக்கொண்டே போகிறான். ஆற்றுப் பாலத்தில் நின்று ஒரு காகிதத்தைக் கிழித்துப் போட்டுச் சிரிக்கிறான். அது ஒப்பந்தம். அவன் ஊருக்குக் கிளம்புகிறான்.

ஆக, பெஞ்சமின் வருகிறான். வந்ததும் ஷீபாவைச் சென்னைக்கு அழைத்துப் போவதாக எப்போதும் சொல்வான்.

ஞாயிற்றுக்கிழமை படம் போட்டேன். நெல் மண்டி வைத்திருக்கும் பச்சமுத்து முன்வரிசையில் உட்கார்ந்து நச்சரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், பாடிக்கினே வரையறான், ஆடிக்கினே நடக்கறான். இவனுக்கு நாஷ்டா யாரு போடறது?"

"அதான் காரு வச்சிக்கினு ஒரு அம்மா சுத்துதே" என்றாள் மங்கம்மா. "உனுக்கும் ஒண்ணு வேணுமா?"

ஷீபாவும் சிரித்தாள். அப்போது பாலம் வந்தது.

"அது அவன் பொண்டாட்டி எழுதின கடிதம்" என்றேன். "கிழிச்சிட்டான். இனிமே அவனுக்கு இதுதான் ஊரு."

எல்லோரும் போனபின் ஷீபா வழக்கம்போல் பாய்களைச் சுருட்டினாள். கடைசிப் பாயைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டாள்: "இதத்தான் சொல்ல நெனச்சாரா சார் அவரு?"

நான் பதில் சொல்லவில்லை. பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது.

மூன்று நாள் அவன் அழைப்புகளை அவள் எடுக்கவில்லை. நான்காம் நாள் போனையே என்னிடம் கொண்டுவந்தாள். "என் கையில இருந்தா பேசிடுவேன் சார். நீங்களே வச்சிக்கினு இருங்க."

ஒரு வாரம் கழித்து, மத்தியானத்தில் அது அடித்தது. பெஞ்சமின் குடியிருந்த வீட்டுக்காரி ஆங்கிலத்தில் பேசினாள். அவன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான், நுரையீரலில் சீழ், நான்கு நாளில் அறுவை சிகிச்சை, மனைவியிடம் பேச வேண்டும் என்கிறான். ஷீபா அப்போது ஏரிக்கரையில் நூறு நாள் வேலையில் இருந்தாள். நடந்தால் ஆறு நிமிடம்.

"அவள் பேச விரும்பவில்லை" என்றேன். அது உண்மைதானே.

மறுநாளும் அதையே சொன்னேன். அறுவைக்கு முந்தின நாள், வீட்டுக்காரி ஒன்றும் கேட்காமல் போனை அவன் காதில் வைத்துவிட்டாள்.

"ஷீபா, கீறியா?"

நான் பேசவில்லை. மூச்சுவிட்டுக்கொண்டிருந்தேன்.

"கோவமா? சரி, பேசாத. அப்படியே இரு, போதும்."

பதினோரு நிமிடம் அப்படியே இருந்தோம். மறுநாள் அறுவை மேசையிலேயே இறந்துபோனான். கடைசியாக அவனுக்கு ஒரு துணை கிடைத்தது. அதை நான் செய்த நல்ல காரியமாகவே நினைக்கிறேன்.

தூதரகக் கடிதம் படிப்பக முகவரிக்கு வந்தது. படிவத்தில் நான் எழுதியிருந்த முகவரி அதுதான். அங்கேயே அடக்கம் செய்யச் சம்மதம் என்று எழுதி, ஷீபாவின் கையெழுத்தை நானே போட்டேன். பதினான்கு மாதம் அவளிடம் சொல்லவில்லை. அவள் ஞாயிறுதோறும் வந்தாள். ஒரே ஒருமுறை, "அவரு நல்லா கீறாரா சார், எதுனா தெரிஞ்சிதா?" என்று கேட்டாள். "நல்லா இருக்கான்மா" என்றேன். அன்று பாய்களை மெதுவாகச் சுருட்டினாள்.

போன வாரம் வீட்டுக்காரி அனுப்பிய பெட்டி வந்தது. பெஞ்சமின் எப்போதோ தன் கையால் எழுதி வைத்திருந்த விலாசத்தை மேலே ஒட்டியிருந்ததால், நேரே ஷீபாவின் வீட்டுக்குப் போய்விட்டது. தூரிகைகள், இரண்டு சட்டைகள், அவனுடைய இறப்புச் சான்றிதழ், அறுவைக்கு முந்தின நாள் அவன் எழுதிய ஒரு கடிதம். அந்தக் கடிதத்தை அவள் என் கூடத்தில் நின்று சத்தமாகப் படித்தாள்.

"அந்தப் படத்துல மாதிரியே நானும், இங்கயே தங்கச் சொன்ன கலைக்கூடத்துக்காரங்க ஒப்பந்தத்தக் கிழிச்சிப் போட்டுட்டேன். ஒடம்பு தேறினதும் வூட்டுக்கு வந்துடறேன். இன்னிக்கி நீ ஒண்ணும் பேசலன்னாலும் லைன்லயே இருந்தியே, அது போதும்."

மடித்துவிட்டுக் கேட்டாள்: "லைன்ல யாரு சார் இருந்தது?"

நான் பேசவில்லை. எங்களுக்குள் அது புதிதல்ல. ஆனால் அன்று அவள் பாய்களைத் தொடாமல் போய்விட்டாள்.

புகார் கொடுத்தது அவள்தான் என்கிறீர்கள். கோபத்தில் செய்திருப்பாள். நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று, மேடம். கூடத்தில் பாய்கள் விரித்தபடியே கிடக்கின்றன. இந்தச் சாவியை ஷீபாவிடம் கொடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வருவாள்.