மலைப்பயணத்துக்கு ஒரு அனுமதி மனு

இல்ல சார், உக்காரல. உக்காந்தா டீ போடச் சொல்வீங்க, டீ வந்தா பேச்சு வளரும், அதுக்குள்ள மேல பனி இறங்கிடும். இந்தாங்க, இன்னைக்குப் பயணத் திட்டம். படிச்சுப் பாருங்க. கண்ணாடி உங்க நெத்தியில இருக்கு சார், மேசையில தேடாதீங்க.

என்ன சிரிப்பு? நோட்டீஸ் மாதிரிதான் இருக்கும். நாப்பது வருஷமா நான் எழுதுனது அது ஒண்ணுதான். ஏழு மணிக்குப் புறப்பாடு, ஒம்போதரைக்கு அருவியடியில கூடுதல், பன்னண்டரைக்கு... எங்க, காட்டுங்க. அட, மாபெரும் மதிய உணவுன்னா எழுதியிருக்கேன்? கை பழக்கம் சார். மாபெரும் போடாம எனக்கு எதையும் எழுத வராது. நாலு பொட்டலம் சாப்பாடு, அவ்ளோதான்.

பேனாவ எடுத்துட்டீங்களா, அதுவும் சிவப்பு. ஊர்வலத்துக்கு அனுமதி கேட்டு மனுவோட ஸ்டேஷனுக்கு வந்தா, இந்தத் தெரு கூடாது, அந்த முக்கு கூடாதுன்னு கோடு போட்டுத் தள்ளுவீங்களே. இன்ஸ்பெக்டர் உத்தியோகம் விட்டுப் பதினாலு வருஷமாச்சு, கை இன்னும் ரிட்டையர் ஆகலியே! அருவிய ஏன் அடிக்கிறீங்க? இந்த மாசம் தண்ணி இருக்காதா? சரி, அருவி ரத்து. ஒண்ண விட்டுக்குடுத்தாத்தான் இன்னொண்ணு வாங்க முடியும்.

என் கோரிக்கை ஒண்ணே ஒண்ணுதான். நீங்க வரணும். நீங்க வரலைன்னா இந்தப் பயணமே கிடையாது, டிரைவர அனுப்பிடுவேன்.

முட்டி வலியா? யாரு உங்கள நடக்கச் சொன்னா? உக்காந்துக்கிட்டு வாங்க. முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸே அப்படித்தானே போச்சு. முறைக்காதீங்க, சும்மா சொன்னேன். உங்க வீட்டம்மாகிட்ட வாசல்லயே உத்தரவு வாங்கிட்டேன். கூட்டிட்டுப் போங்கய்யா, சாயங்காலம் வரைக்கும் வீடு வீடா இருக்கும்னாங்க.

வேற ஆளா? யாரு இருக்கா சொல்லுங்க. என்கூட அடி வாங்குனவன்ல பாதிப்பேரு போய்ச் சேந்துட்டான். மீதிப்பேரு கடை திறப்பு விழாவுல ரிப்பன் வெட்டிட்டிருக்கான். நான் எழுதுறத ஒரு வரி விடாமப் படிக்கிற ஆளு இன்னைக்கு ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்.

தவிர, அந்த மலைய எனக்குத் தெரியாது சார். நெசமாத்தான். அந்தப் பக்கத்து ஜெயிலுக்கு ஒம்போது தடவை மலையேறியிருக்கேன், ஒம்போதும் உங்க வேன்ல. மலை எப்படி இருக்கும்னு எவனாவது கேட்டா கம்பிவலை மாதிரி இருக்கும்னுதான் சொல்லணும். வலைக்கு மேல தார்ப்பாய் வேற. நீங்க முன்னாடி, டிரைவர் பக்கத்துல ஜம்முனு உக்காந்து வேடிக்கை பாத்துக்கிட்டு வருவீங்க. ஒரு நாளு, உள்ள பதினோரு பேரு தொண்டை கிழியக் கோஷம் போடுறோம், நீங்க திரும்பி, டேய் வாய மூடுங்கடா, ரோட்டுல மான் நிக்குதுங்கறீங்க. மொத்த வேனும் கப்சிப்! அரசாங்கத்துக்கு அடங்காத கூட்டம் சார் அது, மானுக்கு அடங்குச்சு. ஆனா மானப் பாத்தது நீங்க ஒருத்தர்தான்.

ம்? ஆமா, அங்க ஒண்ணும் எழுதல. ரெண்டரைக்கு ஒரு இடத்துல நிக்கணும், இடத்துப் பேரு இல்ல. மறதியெல்லாம் இல்ல. எனக்குத் தெரிஞ்சா எழுதியிருக்க மாட்டேனா? அத நீங்கதான் நிரப்பணும்.

அந்த ஒம்போதாவது தடவை. நல்ல பனி. எங்க நோட்டீசுக்கெல்லாம் எழுத்துக் கோத்தானே, பிரஸ் கம்பாசிட்டர், அவன் ஒண்ணுக்குப் போகணும்னான். ஒரு வளைவுல வேன் நின்னுச்சு. அவன்கூட ரெண்டு காவலருங்க இறங்குனாங்க. கல்லு உருள்ற சத்தம் கேட்டுச்சு. காவலருங்க ரெண்டு பேரும் திரும்ப ஏறுனாங்க, அவன் ஏறல. எங்களுக்குத் தார்ப்பாய்தான் தெரிஞ்சுது. நீங்க இறங்கிப் போனீங்க. அந்த ஓரத்துல ரொம்ப நேரம் நின்னுட்டு வந்தீங்க. அப்புறம் ரிப்போர்ட்ல, கைதி தப்பி ஓடிவிட்டான்னு எழுதுனீங்க.

ஃபேனப் போடவா? வேர்க்குது உங்களுக்கு.

நீங்க தள்ளல, அது எனக்குத் தெரியும். தள்ளுனவனுங்க ரெண்டு பேரும் இப்ப உசுரோட இல்ல. மனு, விசாரணை, உண்ணாவிரதம் எல்லாம் நான் பண்ணிப் பாத்தாச்சு, உங்க ஒரு காகிதந்தான் ஜெயிச்சுது. அத விடுங்க. ஆனா ஓடிட்டான்னு எழுதுனீங்க பாருங்க, அந்த வார்த்தை. முப்பத்தோரு வருஷமா தெருவுல அவன் சம்சாரத்துக்குப் பேரு ஓடிப்போனவன் பொண்டாட்டி. எவளையோ இழுத்துக்கிட்டுப் போயிட்டான்னு அவ கூடப்பொறந்த அண்ணனே சொன்னான். நான் எத்தனையோ தடவை சொல்லிட்டேன், நம்பமாட்டேங்கறா சார். நீ அவன் கட்சி, நீ அப்படித்தான் சொல்வேங்கறா. போலீஸ் வாயால வந்தா நம்புவாளாம்.

வாக்குமூலம் வேணாம், கையெழுத்தும் வேணாம். எந்த வளைவுன்னு காட்டி வண்டிய நிறுத்தச் சொல்லுங்க, அது போதும்.

ஆமா, வந்திருக்கா. வாசல்ல, கார்லதான் உக்காந்திருக்கா. வேணாம், அவள உள்ள கூப்பிட வேணாம், நீங்க வாங்க. குனியாதீங்க, முட்டி வலிக்கும். செருப்பு கட்டிலுக்கு அடியிலதானே கிடக்கு? இருங்க, நான் எடுத்துத் தர்றேன்.