டேரல் செட்டிங்

...பாராட்டுறாங்க சார், பாராட்டுறாங்க. அதான் இப்ப என் பிரச்சினையே. திட்டுனாங்கன்னு அழுவுறவனைப் பாத்திருப்பீங்க. பாராட்டிட்டாங்கன்னு அழுவுறவனை இன்னைக்குத்தான் பாக்குறீங்க. உக்காருங்க. அந்த நாற்காலி கொஞ்சம் ஆடும், சுவத்துல சாய்ச்சுக்கிட்டா நிக்கும். ஆமா, வீல் அலைன்மென்ட் பண்ற கடையில நாற்காலி ஆடுது. வர்றவங்க எல்லாரும் சொல்ற ஜோக்குதான் அது, நீங்க மனசுக்குள்ள சொல்லிக்கோங்க.

உங்க வண்டி லிஃப்ட்ல ஏறிடுச்சு. இன்னும் முக்கா மணி நேரத்துக்கு நீங்க எங்கயும் போக முடியாது. அதைச் சொல்லி வச்சுக்கிறேன்.

ஊருக்குப் புதுசா? டப்போ ஊர்லருந்தா? நினைச்சேன், டயர் இடுக்கு பூரா செம்மண்ணு. அப்ப வந்த மறுநாளே மலை ரோட்டுல ஒரு சுத்து போயிருப்பீங்களே. எல்லாரும் போறதுதான். வருஷத்துல நாலஞ்சு வாட்டி ரேஸு, மத்த நாளெல்லாம் பால் பாக்கெட் வாங்கப் போற ரோடு. அறுபதுக்கு மேல மிதிச்சீங்கன்னா மேட்டுல மரத்தடியில ஒரு போலீஸ்காரர் நிப்பாரு, உங்களை மாதிரி புதுசா வந்தவங்களை வரவேற்கிறதுக்குன்னே.

அந்த மலை அப்படியே கார் ரேஸ் வீடியோ கேம்லயும் இருக்கு சார். மேடு, பள்ளம், வேலி, எல்லாம். வியாழக்கிழமை சாயங்காலம் பவுல்ஸ் கிளப், அதான் புல்லுல பந்து உருட்டி விளையாடுற கிளப், அதோட பின் ரூம்ல நாங்க பன்னண்டு பேரு கூடுறோம். ஆறு ஸ்டியரிங், ஆறு திரை. சிரிங்க, பரவாயில்ல. எனக்கு அம்பத்தி நாலு வயசு. அந்த ரூம்ல வயசுல சின்னவன் வரிசையில நான் ரெண்டாவது.

அங்க ஒரு வழக்கம் இருக்கு. ஒவ்வொரு வாரமும் ஜெயிச்சவங்க அவங்களோட செட்டிங்கை ஒரு தாள்ல எழுதி போர்டுல குத்திடணும். ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கம், டயர்ல எவ்வளவு காத்து, சக்கரம் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்வு, எல்லாம். யாரு வேணும்னாலும் பாத்து எழுதிக்கலாம். மெர்வ்னு எங்க செக்ரட்டரி, அவர் கண்டுபிடிச்ச தர்மம். அவர் இதுவரைக்கும் ஜெயிச்சதே இல்ல, அதனால தர்மம் அவருக்கு சுலபம்.

வருஷா வருஷம் பக்கத்து ஊர் லித்கோ கிளப்போட ஒரு போட்டி உண்டு. அதுக்கு எங்க ஆளுங்க நாலு பேரும் ஒரே செட்டிங்லதான் ஓட்டணும். யாரோட செட்டிங்னு ஓட்டுப் போட்டு எடுப்பாங்க. எடுத்தா அவங்க பேரு வாசல்ல இருக்குற மரப்பலகையில ஏறும், தங்க எழுத்துல, பவுல்ஸ் சாம்பியன்கள் பேருக்குப் பக்கத்துல. ஏழு வருஷமா பாக்குறேன் சார் அந்தப் பலகையை. இருவத்தாறு வருஷமா இந்த ஊர்ல ஓடுற வண்டிக்கெல்லாம் சக்கரம் நேர் பண்ணி விட்டவன் நான். போன வருஷம் பலகையில யாரு பேரு ஏறுச்சு தெரியுமா? ஒரு பல் டாக்டரு பேரு. ரொம்ப பொருத்தம். அவரும் கோணலா இருக்குறதை நேர் பண்றவர்தானே.

காலைக் கொஞ்சம் நகத்திக்கோங்க... ஆங். இந்தத் திரையைப் பாருங்க. சிவப்பா இருக்குற நாலு சக்கரமும் பச்சையா வந்துடுச்சுன்னா வண்டி சரியாயிடுச்சுன்னு அர்த்தம். வாழ்க்கையிலயும் இப்படி ஒரு திரை குடுத்திருக்கலாம். விடுங்க.

என்ன சொல்லிட்டு இருந்தேன்... ரோண்டா. சொல்லலையா இன்னும்? அப்ப நீங்க இன்னும் சந்தோஷமா இருக்கீங்க. லைப்ரரியில வேலை பாத்து ரிட்டயர் ஆனவங்க, அறுபத்தெட்டு வயசு. மலை உச்சியில வீடு. முப்பத்தோரு வருஷமா அதே ரோட்டுல கறிகாய் வாங்கிட்டு ஏறி இறங்குறாங்க. ஸ்கைலைன்னு ஒரு இடம், மேட்டுல ஏறுனதும் முன்னாடி ரோடே தெரியாது, வானம்தான் தெரியும், அப்புறம் தலைகீழா இறக்கம். அந்த இடத்துல நாங்கெல்லாம் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஸ்டியரிங்கோட மல்லுக்கு நிப்போம். அவங்க பக்கத்து ஆளுகிட்ட தான் சுட்ட பூசணி ஸ்கோன் பன்னு ருசி எப்படின்னு கேட்டுக்கிட்டே இறங்குவாங்க. கேட்டா, "டயர்ல கொஞ்சம் காத்து கொறைச்சேன் ராசா, வேற ஒண்ணும் பண்ணல"ன்னு சொல்லுவாங்க. வேற ஒண்ணும் பண்ணலையாம். நான் பதினாலு எடத்துல திருகிட்டு உக்காந்திருக்கேன், அவங்க வேற ஒண்ணும் பண்ணல.

மூணு வாரத்துக்கு முன்னாடி ரோண்டா தங்கச்சியைப் பாக்க மட்ஜி ஊருக்குப் போயிட்டாங்க. அந்த வியாழக்கிழமை நான் ஜெயிச்சேன். ரெண்டுக்கும் சம்பந்தமில்ல... சரி, இருக்கு. ஜெயிச்சாச்சு, வழக்கப்படி தாள் எழுதிப் போர்டுல குத்துனேன். அடுத்த வாரம் எல்லாரும் அதைப் போட்டு ஓட்டுனாங்க. ஆளாளுக்கு ரெண்டு செகண்டு, மூணு செகண்டு கொறைஞ்சுது. ரோண்டா நாலு செகண்டு. அந்தம்மா எழுந்து நின்னு சொன்னாங்க, "இதுவரைக்கும் வண்டியை நான் திருப்புனேன், இன்னைக்குத்தான் வண்டி தானா திரும்புச்சு. இது டேரல் மூளை." கை தட்டுனாங்க சார். மெர்வ் என்னைக் கட்டிப்பிடிச்சாரு. ஓட்டுப் போட்டாங்க, பன்னண்டுக்குப் பன்னண்டு. அதுக்குப் பேரே இப்ப டேரல் செட்டிங். பெயின்டருக்குச் சொல்லியாச்சு.

அப்ப என்னய்யா உனக்குக் குறைன்னு கேக்குறீங்க. நியாயம்தான்.

அது என் செட்டிங் இல்ல சார்.

இல்ல, என்னோடதுதான். என் கையெழுத்துதான். ஆனா நான் ஜெயிச்சது அதுல இல்ல. எப்படிச் சொல்றது... பேனாவை எடுத்தேன். ரோண்டா அடுத்த வாரம் வருவாங்களே, என்னோடதையே போட்டு என்னையே தோக்கடிப்பாங்களேன்னு ஒரு நெனப்பு. ஒரு நிமிஷ நெனப்புதான். அந்த ஒரு நிமிஷத்துல எழுதி முடிச்சுட்டேன். பின்னாடி ஸ்பிரிங்கை இறுக்கு. பிரேக் பிடியைப் பின் சக்கரத்துப் பக்கமாத் தள்ளு. பின் சக்கரம் ரெண்டும் வெளிப்பக்கம் பாக்குற மாதிரி வையி. எந்த மெக்கானிக்காவது அப்படி வைப்பானா? வண்டி வாலை வீசும். அந்த ஸ்கைலைன் இறக்கத்துல ரோண்டா நாலு சுத்து சுத்தி வேலியில சொருகி நிக்கணும்னுதான் எழுதுனேன். என்னால முடிஞ்ச அளவு கெடுதலா எழுதுனேன்.

என்னால முடிஞ்ச அளவு கெடுதல்தான் சார், என் வாழ்க்கையிலயே நல்லா வந்த வேலை.

வேணும்னா சிரிச்சுக்கோங்க. நான் வீட்டுல தனியா உக்காந்து அதை ஓட்டிப் பாத்தேன். பதினோரு தடவை. பதினோரு தடவையும் வேலியில. ரெண்டு வாட்டி ரிவர்ஸ்ல இறங்குனேன், அது கொஞ்சம் வேகமாத்தான் இருந்துச்சு. வர்ற சனிக்கிழமை லித்கோ காரங்க முன்னாடி முதல்ல ஓட்டப்போறது யாரு? டேரல் செட்டிங்கை டேரல்தானே ஓட்டணும். மெர்வ் ஆசையா என் பேரை முதல்ல போட்டுட்டாரு.

அதைக்கூட தாங்கிப்பேன். எனக்கு உறைக்கிறது வேற. இருவத்தாறு வருஷமா வண்டி நேரா போறதுக்குத்தான் வேலை பாத்தேன். வீட்டுல உக்காந்து கேம்ல திருகும்போதும் அதையேதான் பண்ணியிருக்கேன் போல, பயந்து பயந்து. வண்டி நேரா போகும், வளைவுல மூக்கு உள்ள திரும்பாது. ரோண்டாவுக்குக் கை மெத்துனு இருக்கு, வால் எப்ப வீசும்னு அவங்களுக்கு முன்னாடியே தெரியுது. வண்டிக்கு நல்லது எது கெட்டது எதுன்னு எனக்குத் தெரியும்னுதான் இத்தனை நாளா நினைச்சிருந்தேன். கெட்டதை எழுதும்போதுகூட தப்பாத்தான் எழுதியிருக்கேன். கவலைப்படாதீங்க சார், உங்க வண்டிக்குக் கம்பெனி குடுத்த நம்பர்தான். பாருங்க, மூணு பச்சை வந்துடுச்சு.

பெரிய விஷயத்தை இன்னும் சொல்லல. திங்கக்கிழமை காலையில ரோண்டா போன் பண்ணாங்க. "டேரல், என் வண்டிக்கு நேரம் குடு ராசா, வியாழக்கிழமை மூணு மணிக்கு"ன்னாங்க. வண்டி என்ன பண்ணுது அக்கான்னு கேட்டேன். "ஒண்ணும் பண்ணல. பின் சக்கரத்துக்கு நீ எழுதுன அந்த நம்பரையே இதுக்கும் வச்சுடு. அந்த இறக்கத்துல நெஜமாவே அப்படித் திரும்புனா எவ்வளவு நல்லா இருக்கும்"ங்கிறாங்க.

நெஜ வண்டிக்கு சார். நெஜ மலையில. மழை நாள்ல, பின் சீட்டுல கறிகாய்ப் பையோட. கேம்ல வேலியில மோதுனா ஒரு பொத்தான் அமுக்கிட்டு திரும்ப ஆரம்பிப்போம். அங்க எதை அமுக்குறது?

அதெல்லாம் ரோட்டு வண்டிக்கு ஒத்துவராது அக்கான்னேன். "நீ அடக்கமா பேசாத"ன்னு போனை வச்சுட்டாங்க.

சத்தமில்லாம சரியான நம்பரையே வச்சுக் குடுத்துடலாம். நானும் அதைத்தான் யோசிச்சேன், உங்க மூஞ்சியிலயும் அதுதான் தெரியுது. ஆனா முப்பத்தோரு வருஷமா அதே வளைவுல இறங்குறவங்க. கைக்குத் தெரிஞ்சுடும். தெரியலைன்னா இன்னும் மோசம். "ஆமா டேரல், இப்ப எவ்வளவு நல்லா திரும்புது"ன்னு ஸ்கோன் கொண்டாந்து குடுப்பாங்க. நான் அதைத் தின்னணும். வாசல்ல பலகையில என் பேரு வேற மின்னிக்கிட்டு இருக்கும்.

உண்மையைச் சொன்னா? சொன்னா பலகை போச்சு. பலகை போனா போகட்டும். வியாழக்கிழமையும் போச்சு. அதான்...

நாலும் பச்சை. இறக்குறேன். இனிமே இடது பக்கம் இழுக்காது, அதுக்கு நான் பொறுப்பு. இந்தாங்க சாவி. இன்னைக்கு வியாழக்கிழமை, மணி என்ன, மூணா? அந்தச் சத்தம் கேக்குதா, செகண்ட் கியர்லயே மெதுவா இறங்கி வர்ற சத்தம்... அவங்கதான். வெளிர் பச்சை வண்டி. முன் சீட்டுல டப்பா இருக்கு பாருங்க, ஸ்கோன்தான். சார், ஒரு அஞ்சு நிமிஷம் இருங்களேன். மூணாவது ஆள் ஒருத்தர் பக்கத்துல இருந்தா எனக்குப் பேச... சார்?

போயிட்டாரு. நேராத்தான் போகுது வண்டி.

வாங்கக்கா. இல்லக்கா, வண்டியை லிஃப்ட்ல ஏத்த வேண்டாம், அங்கயே நிக்கட்டும். அந்த நம்பர் விஷயமாத்தான்... முதல்ல உக்காருங்க. அது ஆடும், சுவத்துல சாய்ச்சுக்கோங்க. டப்பாவைத் திறக்காதீங்க இப்ப. சாவியும் உங்க கையிலயே இருக்கட்டும். நான் சொல்றதைக் கேட்டுட்டு, அதுக்கப்புறமும் என்கிட்ட குடுக்கலாம்னு தோணுனா குடுங்க.