மாமியார் விதியில் வரமாட்டார்

என் மாமியாருக்குப் புழுக்கம் ஆகாது. அதனால்தான் ஐயா, ஏசி வந்தது.

இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் ஆலையில் நான் தொழிற்சங்கச் செயலாளர். சங்க நிர்வாகியோ, மனைவியோ, பிள்ளைகளோ முதலாளி தரப்பிடம் எதைப் பெற்றாலும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. விதியை மதிப்பவன் நான். ஏசி வந்த அன்றே சங்க வக்கீலைப் போய்ப் பார்த்தேன்.

“மாமியார் இதுல வரமாட்டாங்க தலைவரே” என்றார்.

பிறகு மாமியாருக்குக் கார் வந்தது. அவருக்கு ஓட்டத் தெரியாது. பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று நான் ஓட்டினேன். மாடி வீடு வந்தது. வயதானவரைத் தனியே விடலாமா? குடும்பத்தோடு குடியேறினோம். ஆலைக்கு ஆலோசகராகவும் அவரை நியமித்தார்கள். ஆலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று என்னிடம்தான் கேட்டார்.

மேலாளர் பதிலுக்கு எதுவும் கேட்டதில்லை. ஒருமுறை மட்டும், “பெரிய மெஷின்ல கை மாட்டாம இருக்க வச்ச தடுப்புக் கம்பியால வேலை இழுக்குது. சங்கம் சரின்னா கழட்டிடலாம்” என்று அலுத்துக்கொண்டார். பார்க்கப் பாவமாக இருந்தது.

அந்த மெஷினில் வேலை செய்தவன் என் மைத்துனன், மாமியாரின் ஒரே மகன். எங்களோடுதான் இருந்தான். கம்பியைக் கழற்றியபின் சாப்பாட்டு நேரத்தில் வந்து நின்றான்.

“மாமா, கைய எடுக்கறதுக்குள்ள இறங்கிடுது. பயமா இருக்கு.”

“கமிட்டில பேசறேன்ப்பா. அதுவரைக்கும் கொஞ்சம் சுறுசுறுப்பா எடு.”

அந்த வாரமே இரண்டு கைகளும் மணிக்கட்டோடு போயின.

நஷ்டஈடு கொடுத்தார்கள். அங்கேதான் எனக்குச் சிக்கல். அதற்குள் விதியைத் திருத்தி, ஒரே வீட்டில் வசிக்கும் எல்லாரையும் சேர்த்துவிட்டிருந்தார்கள். அவன் என்னோடு இருந்தால் அவன் கைகள் என் கணக்கில் வரும். வேறு இடம் பார்த்தேன். பெட்டியைக்கூட நானே கட்டினேன், அவனால் முடியாதே. ஊட்டிவிட ஆள் வேண்டுமென்று மாமியாரையும் கூடவே அனுப்பினேன்.

வாசலில் நின்று, “மாப்பிள்ளை, இது என் வீடுன்னு சொன்னீங்களே?” என்றார்.

“உங்க வீடுதான் அத்தை. யாரு இல்லன்னா?”

கம்பியைக் கழற்றச் சம்மதித்துச் சங்கத்தின் பேரில் கையெழுத்துப் போட்டவன் நான்தான் ஐயா. மறுக்கவில்லை. ஆனால் விசாரணை அறிக்கையில் ஆதாயம் அடைந்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். இன்றுவரை முதலாளி தரப்பிடம் நான் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை.